பால் ஒத்துக்காத பிள்ளையும் ஊர்ப்பட்ட வைத்தியர்களும்

போன பதிவு ஹாஸ்டல் சாம்பார், அதுக்கு முந்தினது டவுன் பஸ் ஃபுட்போர்டு... இந்தத் தடவை கொஞ்சம் சீரியஸ். கல்யாணமே ஆகாத காலேஜ் பையனுக்கு கைக்குழந்தை சாப்பாட்டைப் பத்தி என்ன பேச்சுன்னு கேக்குறவங்க தாராளமா கேளுங்க. நான் படிக்கிறது உயிர்வேதியியல். சர்க்கரைக்கும் புரதத்துக்கும் வித்தியாசம் தெரியாம ஊரே கைக்குழந்தைக்கு வைத்தியம் பார்க்குறதைப் பார்த்துட்டு சும்மா இருக்க முடியலை.

மேட்டர் இதுதான். மாட்டுப்பால் ஒத்துக்காத பிள்ளை ஒண்ணு வீட்டுல இருந்தா ரெண்டு கூட்டம் வாசலுக்கு வரும். ஒண்ணு "அந்தக் காலத்துல..."ன்னு ஆரம்பிக்கும். இன்னொண்ணு டப்பாவைத் தூக்கிட்டு வரும். ரெண்டுக்கும் நடுவுல, அனேகமா செலவே இல்லாத ஒரு வழி இருக்கு. அதைச் சத்தமா சொல்லத்தான் ஆளில்லை. ஏன்னா அதுல யாருக்கும் லாபம் இல்லை.

முதல்ல பாடம். ரெண்டே நிமிஷம், தூங்கிடாதீங்க.

"பிள்ளைக்கு லாக்டோஸ் ஒத்துக்கலை"ன்னு சொல்றதுதான் இப்ப ஃபேஷன். லாக்டோஸ்ங்கிறது பால்ல இருக்குற சர்க்கரை. தாய்ப்பால்ல இது 100 மில்லிக்கு சுமார் 7 கிராம். மாட்டுப்பால்ல 5 கிராம்கூட கிடையாது. அதாவது தாய்ப்பால்தான் லாக்டோஸ் அதிகம்! பிறந்த குழந்தைக்கு லாக்டோஸே ஆகாதுன்னா அது தாய்ப்பாலும் குடிக்க முடியாது. அப்படிப் பிறவியிலேயே வர்ற குறை உலகத்துலயே ரொம்ப ரொம்ப அபூர்வம். பெரியவங்களுக்குப் பால் குடிச்சா வயிறு உப்புதே, அது வேற கதை. அந்த நொதி வளர வளரத்தான் குறையும். கடுமையான வயிற்றுப்போக்குக்கு அப்புறம் குழந்தைக்கு கொஞ்ச நாள் லாக்டோஸ் செரிக்காம போகலாம். அது தானா சரியாயிடும்.

கைக்குழந்தைக்கு உண்மையா வர்ற தொல்லை பெரும்பாலும் மாட்டுப்பால் புரத ஒவ்வாமை. கேசீன், வே புரதங்கள், குறிப்பா தாய்ப்பால்ல இல்லாத பீட்டா லாக்டோகுளோபுலின், இதையெல்லாம் குழந்தையோட உடம்பு எதிரியா நினைச்சு சண்டை போடுது. இதுலயும் ரெண்டு வகை. ஒண்ணு, குடிச்ச சில நிமிஷத்துல இருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள தடிப்பு, முகம் வீங்குறது, வாந்தி, சில சமயம் மூச்சுத் திணறல். இன்னொண்ணு மெதுவா, பல மணி நேரமோ சில நாளோ கழிச்சு வரும். மலத்துல ரத்தம், ஓயாத வாந்தி, எக்ஸிமா.

இந்த வித்தியாசம் தெரியலைன்னா என்ன ஆகும்? எங்க தெருவுல ஒரு அக்காவோட ஆறு மாசக் குழந்தைக்கு மலத்துல ரத்தம். மருந்துக்கடைக்காரர் ரொம்ப அறிவாளியா "லாக்டோஸ் இல்லாதது"ன்னு ஒரு டப்பா எடுத்துக் குடுத்துட்டார். அதுல லாக்டோஸ் மட்டும்தான் இல்லை. மாட்டுப்பால் புரதம் அப்படியே முழுசா இருக்கு. திருடனை விட்டுட்டு பக்கத்து வீட்டுக்காரனைப் பிடிச்ச கதை. மூணு வாரம் அந்தக் குழந்தை கூடுதலா கஷ்டப்பட்டுச்சு.

சரி, இப்ப "அந்தக் காலத்துல" கூட்டத்துக்கு வருவோம்.

1) ஆட்டுப்பால்: "மாடுதானே ஆகாது, ஆட்டுப்பால் குடு!" ஆட்டுப்பால் புரதமும் மாட்டுப்பால் புரதமும் அண்ணன் தம்பி மாதிரி. மாட்டுப்பால் அலர்ஜி இருக்குற பத்துக் குழந்தைல ஏறக்குறைய ஒம்பதுக்கு ஆட்டுப்பாலும் ஆகாது. எருமைப்பாலும் அதே வகையறா. இதுல ஆட்டுப்பால்ல ஃபோலிக் அமிலம் ரொம்பக் கம்மி. அதையே நம்பி வளர்த்த குழந்தைகளுக்கு ரத்தசோகை வந்து, "ஆட்டுப்பால் சோகை"ன்னு மருத்துவத்துல பேரே வெச்சிருக்காங்க.

2) கழுதைப்பால்: தெருத்தெருவா கழுதையை ஓட்டிட்டு வந்து ஒரு சங்கு பாலுக்கு காசு வாங்கிட்டுப் போறாங்களே, அது. இதுல நியாயமா ஒண்ணு சொல்லணும். கழுதைப்பால் மாட்டுப்பாலை விட தாய்ப்பாலுக்கு நெருக்கமானது. இத்தாலியில டாக்டருங்க மாட்டுப்பால் அலர்ஜி குழந்தைகளுக்குக் குடுத்துப் பார்த்து, நிறையப் பேருக்கு ஒத்துக்கிட்டதா எழுதியிருக்காங்க. ஆனா அவங்க குடுத்தது டாக்டர் கண்காணிப்புல, கிருமி நீக்கி. கொழுப்பு கம்மிங்கிறதால அதையும் தனியா சேர்த்தாங்க. நம்ம தெருவுல குடுக்குறது பச்சைப்பால், ஒரே ஒரு சங்கு. பசியும் ஆறாது, அலர்ஜியும் போகாது, கிருமி மட்டும் போனஸ்!

3) நாட்டுமாட்டு ஏ2 பால்: இது லேட்டஸ்ட். ஏ1, ஏ2ங்கிறது பீட்டா கேசீன்ங்கிற ஒரே ஒரு புரதத்துல இருக்குற சின்ன வித்தியாசம். மத்த புரதம் எல்லாம் ஏ2 பால்லயும் உண்டு. அலர்ஜி இருக்குற குழந்தைக்கு இதுவும் அதே பால்தான், விலை மட்டும் ரெண்டு மடங்கு. 2024 ஆகஸ்ட்ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்த ஏ1, ஏ2 விளம்பரத்தையே எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டுது. சில நாள்லயே அந்த உத்தரவை அதுவே வாபஸ் வாங்கிடுச்சு. என்ன கொடுமை சார் இது?

4) பாதாம் பால், அரிசிக் கஞ்சித் தண்ணி: "வீட்டுலயே அரைச்சது, கெமிக்கல் இல்லை"ன்னு யூடியூப்ல பார்த்துட்டு பாலுக்குப் பதிலா இதை மட்டுமே குடுக்குறவங்க இருக்காங்க. இதுதான் எல்லாத்தையும் விட ஆபத்து. அமெரிக்காவுல அரிசிப் பானத்தையே பாலா குடுத்து வளர்த்த குழந்தைக்கு குவாஷியோர்கர் வந்தது 2001ல ஒரு மருத்துவ இதழ்ல பதிவாகியிருக்கு. பஞ்சத்துல அடிபட்ட நாட்டுல வர்ற புரதக் குறை நோய், பணக்கார நாட்டுல! பாதாம் பானத்துல வளர்த்த ஸ்பெயின் குழந்தைக்கு ஸ்கர்வி வந்ததும் 2016ல பதிவாகியிருக்கு. பேர்ல பால்னு இருந்தா பால் ஆயிடுமா? தேங்காய்ப் பாலும் பால்தான், பிள்ளை வளருமா?

"எங்க பாட்டி காலத்துல இந்த அலர்ஜி எல்லாம் ஏது?"ன்னு ஒரு கேள்வி நிச்சயம் வரும். 1971ல இந்தியாவுல பிறந்த ஆயிரம் குழந்தைல 129 குழந்தை ஒரு வயசு முடியுறதுக்குள்ள செத்துப்போச்சு. 2023ல அது 25. அந்த 129ல எது எதனால போச்சுன்னு யாரு எழுதி வெச்சாங்க? பிழைச்சவங்கதான் பாட்டி ஆனாங்க. பிழைக்காதவங்க வந்து சாட்சி சொல்ல முடியாது.

இதைப் படிச்சுட்டு டப்பா கம்பெனிக்காரங்க கைதட்ட வேண்டாம். அடுத்தது நீங்கதான்.

இங்கிலாந்துல இந்த அலர்ஜிக்கான சிறப்புப் பால்மாவுக்கு 2006ல ஒரு லட்சத்து சொச்சம் மருந்துச்சீட்டு. 2016ல ஆறு லட்சத்துக்கு மேல! அரசு செலவு 81 லட்சம் பவுண்டுல இருந்து 6 கோடி பவுண்டைத் தாண்டிடுச்சு. பத்து வருஷத்துல அலர்ஜி ஆறு மடங்கு ஆச்சா? அதுக்கு ஆதாரமே இல்லை. 2018ல பிரிட்டிஷ் மருத்துவ இதழ்ல கிறிஸ் வான் டுல்லெக்கன்ங்கிற டாக்டர் இதைப் புட்டுப் புட்டு வெச்சார். வழிகாட்டி எழுதின நிபுணர்கள்ல பலருக்கு பால்மா கம்பெனியோட தொடர்பு. அழுகை, வாந்தி, சின்னத் தடிப்புன்னு எல்லாக் குழந்தைக்கும் வர்றதை எல்லாம் அறிகுறின்னு பட்டியல் போட்டா யாருக்குத்தான் அலர்ஜி இருக்காது? முறையா சோதிச்சுப் பார்த்த ஐரோப்பிய ஆய்வுல இந்த அலர்ஜி இருந்தது நூத்துக்கு ஒண்ணுகூட இல்லை, 0.54 சதவீதம்.

டப்பாவும் கடவுள் கிடையாது. 1979ல அமெரிக்காவுல ஒரு சோயா பால்மால குளோரைடு போதாம குழந்தைகள் நோயாளி ஆச்சு. அதனாலதான் அங்க 1980ல தனிச் சட்டமே வந்துது. 2003ல இஸ்ரேல்ல ரெமீடியா கம்பெனி சோயா பால்மால வைட்டமின் பி1 இல்லாம குழந்தைகள் செத்தே போச்சு. கவனிங்க, ரெண்டுமே மாட்டுப்பால் இல்லாத மாவு. லேப், தொழிற்சாலை, நிபுணர் எல்லாம் இருந்தும் ஒரே ஒரு சத்து விடுபட்டதுக்கு இந்தக் கதி. அப்ப வீட்டு மிக்ஸியில பாதாமை அரைக்கிறவங்க நிலைமை?

நம்ம நாட்டுல 1992லயே சட்டம் இருக்கு, 2003ல இன்னும் இறுக்கினாங்க. ரெண்டு வயசு வரைக்குமான குழந்தைகளுக்கான பால்மாவுக்கு விளம்பரம் கூடாது, டாக்டருக்குப் பரிசு கூடாது, டப்பா மேல தாய்ப்பாலே சிறந்ததுன்னு எழுதணும். நல்ல சட்டம். ஆனா ஒரு அம்மா பயந்து போயிருக்குற நேரத்துல "உங்க பால் குழந்தைக்கு ஆகலை"ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், விளம்பரமே தேவையில்லை.

அந்த ஒரு வார்த்தைதான் எல்லாத்தையும் விடப் பெரிய பொய். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு இந்த அலர்ஜி வந்தா தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது! அம்மா சாப்பிடுற பால் பொருளோட புரதம் துளித்துளியா தாய்ப்பால்ல வரும். அதனால அம்மாதான் பால், தயிர், மோர், பனீர், நெய், பால் சேர்த்த பிஸ்கட்டு எல்லாத்தையும் நிறுத்திப் பார்க்கணும். ரெண்டுல இருந்து நாலு வாரம். குறைஞ்சுதா? உடனே முடிவு கட்டாம திரும்பக் கொஞ்சம் சேர்த்துப் பார்க்கணும். திரும்ப வந்தாத்தான் அலர்ஜின்னு அர்த்தம். நம்ம நாட்டுக் குழந்தைகள் குடல் மருத்துவர்கள் 2020ல வெளியிட்ட வழிகாட்டியும் இந்த நிறுத்தி, திரும்பக் குடுத்துப் பார்க்குற சோதனையைத்தான் முக்கியமா சொல்லுது. முகம் வீங்கி மூச்சுத் திணறின குழந்தைக்கு மட்டும் இந்த மறுசோதனையை வீட்டுல பண்ணவே கூடாது, ஆஸ்பத்திரியிலதான். தாய்ப்பாலை நிஜமாவே நிறுத்த வேண்டிய கேலக்டோசீமியா மாதிரி நோய்கள் விரல் விட்டு எண்ணிடலாம்.

அம்மாவுக்கு சுண்ணாம்புச் சத்து போயிடாதா? நியாயமான கேள்வி. ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமாவது வேணும். நம்ம கேழ்வரகு 100 கிராம்ல 340 மில்லிகிராமுக்கு மேல இருக்கு. எள்ளு, முருங்கைக்கீரை, முள்ளோட சாப்பிடுற நெத்திலி எல்லாம் கை குடுக்கும். மீதிக்கு கால்சியம், வைட்டமின் டி மாத்திரை. ஆறு மாசத்துக்கு அப்புறம் குழந்தைக்கு இட்லி, பருப்பு சாதம், கேழ்வரகுக் கூழ், மசிச்ச காய், முட்டை, மீன். நெய் மட்டும் வேண்டாம். பால் இல்லாம ஒரு பிள்ளைக்கு சமைக்க நம்ம அடுப்படி மாதிரி வசதியான இடம் வேற இல்லைங்க! கடைல வாங்குறதுல மட்டும் உஷார்: பாக்கெட்டுல பால் இருந்தா அதைப் போட்டே ஆகணும்னு விதி இருக்கு, திருப்பிப் படிங்க.

சரி, தாய்ப்பால் இல்லாத குழந்தைக்கு? அம்மா இறந்திருக்கலாம், பால் சுரக்காம இருக்கலாம், வேலைக்குப் போயே ஆகணும்ங்கிற நிலைமையா இருக்கலாம். அப்பத்தான் புரதத்தைச் சுக்குநூறா உடைச்ச சிறப்புப் பால்மா வேணும். அதுவும் ஆகலைன்னா அமினோ அமில மாவு. ஆறு மாசம் தாண்டின குழந்தைக்கு சோயா பால்மாவும் உண்டு, சிலருக்கு அதுவும் ஆகாது. இது எல்லாத்தையும் டாக்டர்தான் முடிவு பண்ணணும். அந்தச் சிறப்பு மாவு சாதாரண டப்பாவை விடப் பல மடங்கு விலை. கூலி வேலை பார்க்குறவர் ஒவ்வொரு வாரமும் வாங்கிட முடியுமா? முடியாதப்பதான் அந்த வீட்டுக்குள்ள கழுதைப்பாலும் கஞ்சித் தண்ணியும் நுழையுது. அறியாமைன்னு சும்மா திட்டிட்டுப் போறது சுலபம். பாதி அறியாமை, பாதி காசு.

இங்கிலாந்துல அளவுக்கு மீறி எழுதினாங்கன்னு மேல திட்டினேன். ஆனா அங்க அலர்ஜி இருக்குற குழந்தைக்கு அந்த மாவு மருந்துச்சீட்டுல வருது, குழந்தைங்கிறதால காசு கிடையாது. 2022 பிப்ரவரில அமெரிக்காவுல ஒரே ஒரு ஆலையை மூடினதும் அமினோ அமில மாவையே நம்பியிருந்த குழந்தைங்க தவிச்சுப் போச்சு. இதை மளிகைச் சாமானா பார்க்காம மருந்தா பார்க்கணும்ங்கிறதுக்கு வேற என்ன சாட்சி வேணும்? சோதிச்சு உறுதியான குழந்தைக்கு மட்டும், அரசு ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டர்ல, இலவசமா. இதான் என் கோரிக்கை. உறுதி பண்ணிட்டுக் குடுத்தா கம்பெனியும் கொள்ளையடிக்க முடியாது.

இன்னொரு நல்ல சேதி. பெரும்பாலான குழந்தைகளுக்கு மூணுல இருந்து அஞ்சு வயசுக்குள்ள இந்த அலர்ஜி போயிடும். அது வரைக்கும் பிள்ளை பசியில்லாம வளரணும், அவ்வளவுதான். அதுக்கு நடுவுல நாம பண்ணக்கூடிய பெரிய உதவி, தெரியாத வைத்தியத்தை அந்த அம்மா காதுல ஓதாம இருக்குறது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. உங்க வீட்டுக் குழந்தைக்கு இந்த அறிகுறி இருந்தா இந்தப் பதிவை மூடிட்டு குழந்தை டாக்டர்கிட்ட போங்க. கழுதைப்பால் ஆதரவாளர்கள் திட்டணும்னா பின்னூட்டப் பெட்டி திறந்தே இருக்கு :)