இணையக் கடைக்கு எத்தனை செருகிகள் தேவை?



பனையோலைப் பெட்டி, ஒடியல் மா, மிளகாய்த்தூள் என வீட்டில் செய்து விற்கும் பெண்கள் சிலர் வேர்ட்பிரஸ் மூலம் இணையத்தளம் அமைக்கிறார்கள். 2003இல் வெளிவந்த இந்த மென்பொருள் இலவசமானது. இதனுடன் வேண்டியபடி சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருள்களே பிளகின் எனப்படும் செருகிகள். வேர்ட்பிரஸின் சொந்தப் பட்டியலில் மட்டும் 50,000க்கும் மேல் உள்ளன. சிறு வியாபாரத்துக்கு மூன்று போதும்.

முதலாவது வூகொமர்ஸ். பொருள், விலை, ஓடர் யாவும் இதில் அடங்கும். பொருள் கைக்கு வந்ததும் பணம் கொடுக்கும் முறையும் இதிலேயே உண்டு. ஆகவே வங்கி அட்டை இல்லாதவரும் வாங்கலாம். இரண்டாவது அப்டிராஃப்ட்பிளஸ். தளத்தைப் பிரதியெடுத்து வேறிடத்தில் சேமிக்க உதவும். மூன்றாவது வேர்ட்ஃபென்ஸ் போன்ற பாதுகாப்புச் செருகி.

எதையும் சேர்க்கும் முன், அது கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, எத்தனை தளங்கள் பயன்படுத்துகின்றன என்று பாருங்கள். இரண்டும் அப்பட்டியலிலேயே தெரியும். விலைக்கு விற்கும் செருகியை வேறு யாரும் இலவசமாகத் தந்தால் வாங்காதீர்கள். அதில் ஒளிந்திருக்கும் நிரல் உங்கள் வாடிக்கையாளரின் முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் திருடக்கூடும். பயன்படுத்தாத செருகியை நிறுத்தினால் மட்டும் போதாது, அழித்துவிடுங்கள்.

தளத்தை அமைத்துத் தருபவர் சொந்தத் தம்பியானாலும், நிர்வாகக் கடவுச்சொல்லும் ஓடர் வரும் மின்னஞ்சலும் உங்களிடமே இருக்கட்டும். பெண்கள் மட்டும் வாழும் வீடாயின் வீட்டு முகவரியைத் தளத்தில் போடாதீர்கள். உழைப்பு உங்களுடையது. கடைத் திறப்பும் உங்கள் கையில்தான் இருக்கவேண்டும்.