தூக்கிப் போடச் சொன்னவர்களுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என் பழைய வாக்மேன் படத்தைப் போட்டு, "ஓடவில்லை, யாராவது சரிசெய்வார்களா?" என்று கேட்டேன். பதினோரு பேர் பதில் சொன்னீர்கள். ஒன்பது பேர் சொன்னது, "தூக்கிப் போடுங்க சார், யூடியூப்ல எல்லாம் இருக்கே." அதில் நான்கு பேர் இன்ஜினியர்கள்! கடைக்காரரோ மூடியைக்கூடத் திறக்காமல், "பார்ட்ஸ் வராது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நானே திறந்தேன். நான் படித்தது ஆசிரியர் பயிற்சி, எலெக்ட்ரானிக்ஸ் அல்ல. ஐந்து திருகாணி, அதில் ஒன்று பேட்டரி அறைக்குள் ஒளிந்திருந்தது. உள்ளே மோட்டாரையும் சக்கரத்தையும் இணைக்கும் ரப்பர் பெல்ட் உருகித் தார்போல் ஒட்டிக்கொண்டிருந்தது. வயதானால் ரப்பர் அப்படித்தான் ஆகும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட் தொட்டு அதைத் துடைத்து எடுக்கவே ஒரு மாலை போய்விட்டது. (வீட்டுக்காரம்மா மேஜைத் துணியைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது.) பேட்டரி கம்பியில் பூத்திருந்த வெள்ளைப் பொடிக்கு எலுமிச்சைச் சாறு. பெல்ட் போகும் வழியில் நூலைச் சுற்றி அளவெடுத்து, அதைவிடச் சற்றுச் சிறியதாக ரிச்சி தெருவிலிருந்து அண்ணன் மகன் வாங்கி அனுப்பினான். முதலில் சாதா ரப்பர் பேண்ட் போட்டுப் பார்த்தேன்; பாட்டு அலையடித்தது.

புது பெல்ட் போட்டும் குரல் இழுத்தது. மோட்டாரின் பின்புறம் சின்ன ஓட்டை, அதற்குள் ஒரு திருகு. நூலளவு திருப்பினேன். சரியாகிவிட்டது.

இப்போது என் கேள்வி. உங்கள் காதில் மாட்டியிருக்கும் அந்த வெள்ளைக் குமிழ்களில் திருகாணி எங்கே? பசை போட்டு ஒட்டியிருக்கிறான். பேட்டரி தேய்ந்தால் பொருளே குப்பை. மெலிதாக இருக்க வேண்டும், தண்ணீர் புகக்கூடாது, அதனால்தான் பசை என்கிறார் மருமகன். ஏன் மாப்பிள்ளை, திருகாணியும் ரப்பர் வளையமும் வைத்தே தண்ணீர் புகாத கைக்கடிகாரம் செய்யவில்லையா? நான் கட்டியிருப்பது அதுதான்.

பிரான்சில் 2021இலேயே செல்போனுக்குப் பழுதுபார்க்கும் வசதிக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுத்தான் விற்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். நம் நாட்டில் 2022இல் குழு போட்டார்கள், போர்ட்டல் திறந்தார்கள். தனிச் சட்டம் இன்னும் வரவில்லை. வராததற்கு நாமும் காரணம். கேட்டால்தானே தருவான்? நாம்தான் "தூக்கிப் போடு" என்று பழகிவிட்டோமே.

யூடியூபில் எல்லாம் இருக்கிறது என்றீர்கள். நான் போட்ட கேசட் 1994இல் ஐந்தாம் வகுப்பு 'பி' பிரிவில் நான் பதிவு செய்தது. முப்பத்தெட்டுப் பிள்ளைகள் பதினாறாம் வாய்ப்பாடு சொல்கிறீர்கள். எட்டில் ஒருவன் நிற்கிறான். பின்னாலிருந்து இன்னொருத்தி "நூத்தியிருபத்தெட்டு" என்று எடுத்துக் கொடுக்கிறாள். நின்றவன் இப்போது அந்த நான்கு இன்ஜினியர்களில் ஒருவன். பெயர் சொல்லமாட்டேன்.

ஞாயிறு மாலை வீட்டில்தான் இருப்பேன். கேட்க வருகிறவர்கள், அலமாரியில் ஓடாமல் கிடப்பது எதுவானாலும் எடுத்து வாருங்கள். ஸ்க்ரூடிரைவர் என்னிடம் இருக்கிறது.