கோவிலகம் எளிய வீடு அல்ல

கேரள அரசர்கள் எளிமை விரும்பிகள் என்னும் வாசகம் ஆய்வரங்குகளில் சலிப்பின்றி ஒலிக்கிறது. சான்று கட்டடமாம்: மரமும் ஓடுமாய்த் தாழ்ந்து நிற்கும் கோவிலகம். அதற்கு எதிரே நிறுத்தப்படுவது இடைக்கால ஐரோப்பாவின் கோதிக் மாளிகை. பாரிஸ் நகர அரச மாளிகையின் வளாகத்திலேயே 1248இல் திருநிலைப்படுத்தப்பட்ட சேன்ட் சாப்பல் வானை நோக்கி எழுந்தது. கொல்லங்கோட்டுக் கோவிலகமோ மலையடிவாரத்தில் அடங்கி அமர்ந்தது. ஆகவே அங்கே அதிகாரம், இங்கே அடக்கம் என்று ஒப்பீடு முடிக்கப்படுகிறது.

இது கோதிக்கையே பிழைபடப் படிப்பதாகும். இடைக்கால இங்கிலாந்தில் பிரபுவோ ஆயரோ தம் மாளிகைச் சுவரில் ஞாயில் வைக்க அரசனிடம் உரிமம் பெற்றனர். காவல் தேவையைவிடத் தகுதியின் அடையாளமாகவே அவ்வுரிமம் பல வேளைகளில் நாடப்பட்டது. அரசாதிக்கம் கல்லின் உயரத்தில் மட்டும் இல்லை. யார் எதைக் கட்டலாம் என விதிப்பதிலும் இருந்தது.

இந்த அளவுகோலைப் பாலக்காட்டில் வைத்துப் பார்க்கட்டும். பொள்ளாச்சியிலிருந்து எல்லை கடந்து வரும் தமிழர் ‘கோவிலகம்’ என்று கேட்டால் தெய்வத்தைத் தேடுவார். அதிலுள்ள ‘கோவில்’ கோ, இல் என்னும் இரு சொற்களின் கூட்டு. பழந்தமிழில் அரசன் மனைக்கும் இறைவன் மனைக்கும் பொதுவாக இருந்த சொல். இன்றைய தமிழ் இறைவனை மட்டும் வைத்துக்கொண்டது, மலையாளக் கோவிலகம் அரசனைக் கைவிடவில்லை.

1887இல் வெளிவந்த ‘மலபார் மேனுவல்’ நூலில் வில்லியம் லோகன் வீட்டுப் பெயர்களை வரிசைப்படுத்துகிறார். அடிமை உழவரான செறுமர் வாழ்வது சாள, கொல்லர், தச்சர், தீயர் வாழ்வது புரை அல்லது குடி, நாயருடையது வீடு, நம்பூதிரியுடையது இல்லம் அல்லது மனை, அரசருடையது கோவிலகம் அல்லது கொட்டாரம். குடியிருப்பவரின் சாதி தெரியாமல் குடியிருப்பின் பெயரைச் சொல்ல இயலாது. கூரையில் ஓடு வேய்வதுங்கூட நெடுங்காலம் கோயில்களுக்கும் அரண்மனைகளுக்குமே உரிய சலுகையாக இருந்தது. சுற்றிலும் ஓலைக் கூரைகளே நிற்குமாறு விதித்துவிட்டால், ஓட்டுக் கூரைக்குக் கோபுரம் எதற்கு?

இடுக்கியும் இதையே சொல்கிறது. பூஞ்ஞாறு அரச குடும்பத்துக்கும் விண்ணை முட்டும் மாளிகை இல்லை. ஆயினும் 1877இல் அக்குடும்பத்தின் கேரள வர்மா, ஜான் டேனியல் மன்றோவுக்கு எழுதிக் கொடுத்த ஒரே குத்தகைப் பத்திரத்தில், முதுவர்கள் வாழ்ந்த கண்ணன் தேவன் மலைகள் கைமாறின. பரப்பு ஏறத்தாழ 1,37,000 ஏக்கர். எளிய கூரையின் கீழிருந்து நீண்ட கையின் நீளம் அது.

ஆகவே ‘எளிமை’ என்னும் சொல் பாராட்டன்று, மறைப்பு. கட்டடத்தின் அளவை மட்டும் எடுக்கும் ஆய்வு, அதன் நிழலில் தன் குடிலை ‘வீடு’ என்று சொல்லவும் உரிமையற்றிருந்தவரை மீண்டும் ஒருமுறை வெளியே நிறுத்துகிறது. கோவிலகத்தை அளக்க விரும்புவோர் முதலில் சாளயிலிருந்து அளக்கத் தொடங்கட்டும்.