காந்தி விட்டுவைத்த மெஷின்

இந்த வாரம் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காரணம் அல்பமானதுதான். என் தையல்காரரின் கைக்குப் போயிருக்க வேண்டிய ஒரு துணி போகாமல் தப்பிவிட்டது. இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ‘காஜா மட்டும்தான் பாக்கி, நாளைக்கு வாங்க’ என்று சொல்லியே என் தீபாவளிகளைக் கடத்தியவர். அளவுக்கென்று கொடுத்த ரவிக்கையையும் சேர்த்து அமுக்கிவிடுவார். புதுசும் இல்லை, பழசும் இல்லை என்று நிற்போம். அவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் ‘உங்க ஊர்லயும் அவர்தானா?’ என்று கேட்டு யாராவது கடிதம் போடுகிறார்கள். எல்லா ஊரிலும் அவர்தான்.

விஷயம் இதுதான். என் அண்ணன் மகளுக்குக் கல்லூரியில் ஃபேர்வெல். தரையைத் தொடும் கவுன் போட்டுக்கொண்டுதான் போவாளாம். கடையில் விலை கேட்டுவிட்டு வந்தவள், துணி எடுத்து நானே தைத்துக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டாள். அதற்குமுன் அவள் தைத்தது தலையணை உறை. ‘டெய்லர்கிட்டயே குடுத்துடேன்’ என்று அண்ணி சொன்னதற்கு, ‘ஃபேர்வெல் இந்த வருஷம்மா’ என்றாள். அப்படியே கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது.

முதன்முதலாகத் தைக்கிறவர்கள் கிட்டப் போகக்கூடாத துணி எது என்று கேட்டால், தெரிந்தவர்கள் சாட்டின் என்பார்கள். சாட்டின்தான் எடுத்து வந்தாள், கரும்பச்சையில். மேஜையில் விரித்தால் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும். குண்டூசி குத்தினால் தடம் நிற்கும். தையலுக்கு வெளியே விடுகிற ஓரத்தில்தான் குத்த வேண்டும். தப்பாக ஓட்டிப் பிரித்தால் ஊசி போன வழி புள்ளி புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். இதையெல்லாம்விட விஷமம் அந்தப் பளபளப்பு. முன்பக்கத்தை ஒரு வாட்டிலும் பின்பக்கத்தைத் தலைகீழாக வைத்தும் வெட்டி இணைத்தால், ஒரே துணி இரண்டு நிறமாகத் தெரியும். கால் மீட்டர் மிச்சம் பிடிக்கிற சாமர்த்தியமெல்லாம் அதனிடம் செல்லாது.

அம்மாதான் காப்பாற்றினாள். சாட்டினில் கத்தரி வைக்க விடாமல், அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்து, முதலில் அதில் கவுனை வெட்டித் தைக்கச் சொன்னாள். போட்டுப் பார்த்தால் அக்குளில் பிடிக்கிறது, டாட் இரண்டு விரற்கடை மேலே ஏறி நிற்கிறது. வேட்டி மேலேயே சாக்பீஸால் திருத்தி, தையலைப் பிரித்து, அந்தத் துண்டுகளையே அளவாக வைத்துச் சாட்டினை வெட்டினார்கள். மெஷினில் கிடந்த 16-ஆம் நம்பர் ஊசியைக் கழற்றிவிட்டு அம்மா 11-ஆம் நம்பர் போட்டாள். கீழ்ப்பகுதி கிராஸ் கட்டிங். அதை உடனே மடித்து அடிக்காதே என்று ராத்திரி முழுக்கக் கொடியில் தொங்கவிடச் சொன்னாள். குறுக்கு வாட்டில் வெட்டிய துணி தன் பாரத்தில் தானே இறங்கும், இடத்துக்கு இடம் வேறு வேறு அளவு. இறங்கி முடித்த பிறகு சமமாக வெட்டினால்தான் விளிம்பு ஏறி இறங்காது.

கவுன் கதையை முழுசாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அண்ணன் நடுவில் வந்து திசைதிருப்பிவிட்டார். பாபின் நூல் அடியில் சிக்கிப் பந்தாகிவிட, அவர் மகள் கடுப்பில், ‘இதைக் கண்டுபிடிச்சவனுக்குப் பொம்பளைங்க மேல என்ன கோபமோ’ என்றாள். பேப்பரைக் கீழே வைக்காமலே அண்ணன் சொன்னார்: ‘கோபம் இல்ல தாயி, பிரியம். பொண்டாட்டி கஷ்டப்படக் கூடாதுன்னு செஞ்சது. காந்தியே சொல்லியிருக்கார்.’

சொல்லியிருக்கிறார். இந்தப் பத்தியில் நான் அடிக்கடி வம்புக்கு இழுக்கும் அவருடைய ‘ஹிந்த் ஸ்வராஜ்’ புத்தகத்தின் முன்னுரையிலேயே இருக்கிறது. 1924-ல் டெல்லியில் 21 நாள் உண்ணாவிரதம் முடித்திருந்த காந்தியிடம், சாந்திநிகேதனிலிருந்து வந்த 20 வயது மாணவர் ஜி. ராமச்சந்திரன், இயந்திரம் என்றாலே உங்களுக்கு ஆகாதா என்று கேட்கிறார். பின்னாளில் மனைவி டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தை உருவாக்கினாரே, அவரேதான். காந்தி ஒன்றுக்கு விலக்குத் தருகிறார்: சிங்கர் தையல் மெஷின். மனைவி கையால் தைத்துத் தைத்து ஓய்ந்துபோவதைப் பார்த்த சிங்கர், அவள் மேல் வைத்த அன்பால் அதைச் செய்தார் என்று காரணமும் சொல்கிறார். காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாய் எழுதி வைத்துவிட்டார், தேசமும் நம்பிவிட்டது.

அன்புக்குச் சிங்கரிடம் பஞ்சமில்லைதான், ஒரே வீட்டில் தங்கவில்லை. ஐசக் மெரிட் சிங்கர் அடிப்படையில் நாடக நடிகர். குழு வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். 1850-ல் பாஸ்டனில் ஒரு பட்டறைக்கு வந்த சரியாக ஓடாத தையல் மெஷினைப் பிரித்துத் திருத்தி, 1851-ல் காப்புரிமை வாங்கினார். நியூயார்க்கில் ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடித்தனம். 1860-ல் ஒருத்தியோடு வண்டியில் போகும்போது இன்னொருத்தி தெருவில் பார்த்துக் கூச்சல் போட, ஊர் சிரித்தது; மனிதர் ஐரோப்பாவுக்கு ஓடினார். பிள்ளைகள் 20-க்கு மேல்.

காந்தி சொன்ன கதைக்குப் பொருத்தமான ஆள் எலியாஸ் ஹோ. 1846-லேயே காப்புரிமை வாங்கியவர். மனைவி தைத்துக் கொடுத்துக் குடும்பத்தை ஓட்டியதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்பார்கள். சிங்கர் மேல் வழக்குப் போட்டு ஜெயித்ததும் அவர்தான். அவருக்கும் முன்னால் வால்டர் ஹன்ட். 1830-களில் மெஷினைச் செய்துவிட்டு, காப்புரிமை வாங்காமலே விட்டார். தைத்துப் பிழைக்கிற பெண்கள் வயிற்றில் அடிக்காதீர்கள் என்று அவர் மகள் தடுத்ததாக ஒரு கதை உண்டு. இதே ஹன்ட்தான் 1849-ல் ஊக்குக்குக் காப்புரிமை வாங்கி, அதையும் 400 டாலருக்கு விற்றுவிட்டார். கவுனில் ஜிப் பல்லைக் காட்டுகிற இடத்தில் எங்கள் வீட்டுப் பெண் குத்திக்கொண்டிருப்பது அவர் கொடுத்ததுதான்.

ராமச்சந்திரன் லேசில் விடவில்லை. அந்த மெஷினைச் செய்ய ஒரு பெரிய ஆலை வேண்டுமே என்றார். ஆமாம், அதை அரசாங்கம் வைத்துக்கொள்ளட்டும் என்றார் காந்தி. நல்ல கேள்வி, நேர்மையான பதில். ஆனால் செய்த மெஷினை எங்கே போடுவது, வீட்டிலா ஆலையிலா என்று இருவருமே பேசவில்லை. என் சண்டை அங்கேதான்.

துணி நின்ற இடத்தில் நிற்காது. நெளியும், இழுபடும், சுருங்கும். தகட்டை வளைக்கிற வேலையில் மனிதக் கையை விலக்க முடிந்ததுபோல் தையலில் இன்னும் முடியவில்லை. இன்றைக்கும் பெரும்பாலும் ஒரு மெஷின், ஒரு ஆள். வேகமாகப் போக வேண்டுமென்றால் அந்த ஆளைத்தான் விரட்ட வேண்டும். திருப்பூரில் பவர் டேபிள் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு மணிக்கு இத்தனை பீஸ் என்று கணக்கு. தோள் இணைக்கிறவள் நாள் முழுக்கத் தோள்தான். அவள் கைபட்ட பனியன் கடல் தாண்டிப் போகும், முழுசாக ஒன்றை அவள் தைத்திருக்க மாட்டாள். அம்மாவின் மிதி மெஷின், அவள் கால் நின்றால் நிற்கும். குழம்பு கொதித்தால் எழுந்து போவாள். ஊசி துணியில் இறங்கி நூலைக் கோக்கிற வேலை இரண்டிலும் ஒன்றுதான். காந்தி எதற்குப் பயந்தாரோ அதுவும், எதற்கு விலக்குக் கொடுத்தாரோ அதுவும் ஒரே இரும்புக்குள் இருந்திருக்கிறது.

இதை அண்ணனிடம் சொன்னேன். காந்தியைக் குறை சொல்லாவிட்டால் உனக்குத் தூக்கம் வராதே என்று பேப்பருக்குள் போய்விட்டார். அம்மாவுக்குச் சிங்கரின் குடித்தனங்களைச் சொன்னபோது, ஹெம்மிங் போட்டுக்கொண்டிருந்தவள் நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னாள்:

‘அத்தனை பிள்ளைக்கும் சட்டை தைக்கணும்ல. மெஷின் கண்டுபிடிக்காம என்ன செய்வான்?’