மார்ச் மாதத்தில் பிரான்ஸ்: எங்கே தங்குவது?

அடுத்த மார்ச்சில் பிரான்சுக்குச் செல்லவிருக்கும் நண்பர் ஒருவர், அங்கே எங்கே தங்கலாம் என்று என்னிடம் கேட்டார். எளிய கேள்விதான். ஆனால் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே இதற்கு விடை சொல்லியாக வேண்டும். விடுதிப் பதிவைக் காட்ட வேண்டும். அல்லது அங்குள்ள உறவினர் முத்திரைக் கட்டணம் செலுத்தித் தமது நகரசபையில் பெறும் சான்றிதழைக் காட்ட வேண்டும்.

நம்மவர் பெரும்பாலும் இரண்டாவது வழியையே நாடுவர். பாரிஸ் புறநகரில் அக்காவோ சித்தப்பாவோ இருக்க, விடுதியில் தங்குவது உறவை அவமதிப்பதாகும் என்பது நமது எண்ணம். முதற் பயணத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். மூன்று வாரங்கள் அக்காவின் தொடர்மாடி வீட்டில் இருந்தேன். அதிகாலையில் அலுவலகம் துப்புரவாக்கும் வேலைக்குச் செல்லும் அவர், களைத்துத் திரும்பி வந்து எனக்குச் சமைத்தார். வெளியே தூறலும் குளிரும். நான் கண்ட பிரான்ஸ் பெரும்பாலும் லா சப்பல் கடைத்தெருவாகவே இருந்தது.

இரண்டாம் முறை நேரெதிரான தவறைச் செய்தேன். தெற்கே கடலோரச் சிற்றூர் ஒன்றில், படத்தை மட்டும் பார்த்து அறை பதிவு செய்தேன். உணவகங்கள் ஈஸ்டர் வரை பூட்டியிருந்தன. பேருந்தோ அரிது. ரோன் பள்ளத்தாக்கு வழியே இறங்கும் மிஸ்திரால் என்னும் குளிர்காற்று வேறு. அக்காவும் ஒரு மாதம் என்னுடன் சரியாகப் பேசவில்லை.

இந்த இரு தவறுகளிலிருந்தும் நான் கற்றது இதுதான்: மார்ச்சில் செல்பவர், கோடைக்காக மட்டும் விழித்திருக்கும் ஊரைத் தவிர்த்து, ஆண்டு முழுவதும் இயங்கும் நகரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவ்வகையில் நீஸ் நகருக்கே என் வாக்கு. குளிருக்கு அஞ்சி வந்த ஆங்கிலேயச் செல்வந்தரை நம்பி வளர்ந்த ஊர் அது. அதன் கடற்கரைச் சாலை இன்றும் ஆங்கிலேயர் பெயரையே தாங்கி நிற்கிறது. 2021இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்ததும் குளிர்கால உல்லாச நகரம் என்ற வகையிலேயே. அல்ப்ஸ் மலைகள் வடகாற்றை மறைப்பதால் மார்ச்சின் நண்பகல் வெப்பநிலை 15 பாகையை எட்டும். எலுமிச்சைக்குப் பேர்போன மென்தோன் வரை கரையோர ரயில் ஓடுகிறது, வாகனம் தேவையில்லை. பெப்ரவரி தொடங்கி மார்ச் முற்பகுதி வரை நீளும் பாடசாலை விடுமுறை முடிந்தபின் சென்றால் நெரிசலும் குறைவு.

அப்படியானால் அக்காவை என்ன செய்வது? மூன்றாம் முறை அவரையும் அழைத்துச் சென்றேன். வேலையில் நான்கு நாள் விடுப்பு எடுக்கவைப்பதே பெரும்பாடாயிற்று. பாரிஸிலிருந்து கடுகதி ரயிலில் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. முப்பது ஆண்டுகள் பிரான்சில் உழைத்தவர் அந்தக் கடலை அதுவரை கண்டதில்லை. கூழாங்கற் கரையில் நெடுநேரம் இருந்துவிட்டு, "தம்பி, கீரிமலைப் பக்கம் இருக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். பிறகு, திரும்பும் ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

எஞ்சிய நாட்களை அவர் வீட்டிலேயே கழித்தேன். சமையலில் பாதி என் பொறுப்பு என்ற உடன்பாட்டுடன்.

ஆகவே நண்பருக்கு நான் சொன்னது: உறவினர் வீட்டில் தங்குங்கள், ஆனால் முழுப் பயணத்தையும் அங்கே கழிக்காதீர்கள். விடுதியில் ஓர் அறைக்குப் பதிலாக இரண்டு அறைகளைப் பதிவு செய்யுங்கள். நாம் விருந்தாளியாகப் போய் இறங்கும் வீடுகளில், இதுவரை ஓரிடமும் காணாதவர்கள் இருக்கிறார்கள்.