பதினைந்து நிமிடமும் ஒரு பட்டியலும்



மார்கழி பிறந்துவிட்டது. வேடந்தாங்கல் ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரையும் வக்காவும் நீர்க்காகமும் கூட்டம் கூட்டமாக அடைந்திருக்கும் பருவம் இது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டுகொண்ட ஊர்க்காரர்கள், தலைமுறை தலைமுறையாக அவற்றைக் காத்து வந்திருக்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் அந்தக் காவலுக்கு எழுத்து மூலம் உத்தரவும் பெற்றார்கள். 2022-இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சார் ஈரநிலங்களாயின.

இந்த மாதக் கடிதத்தை ஏரிக்கரையில் தொடங்கக் காரணம் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்கு இணையம் எப்படித் துணை நிற்கும் என்று பெற்றோரும் பள்ளி ஆசிரியர்களும் தொடர்ந்து கேட்டு எழுதுகிறீர்கள். “போனைக் கையில் கொடுப்பதா, பிடுங்கி வைப்பதா?” என்பதே பல கடிதங்களின் சாரம். எனக்குத் தெரிந்த நல்ல பதில்களில் ஒன்று நம் மாவட்டத்து ஏரிக்கரைகளிலேயே கிடைக்கிறது.

முதலில், கையில் இருப்பதை மதிப்போம். 2011-இல் மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வந்தது. 2018-இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு இடம்பெற்றது. போனைக் காட்டினால் பாடம் காணொலியாக ஓடியது. 2019 ஆகஸ்ட் 26-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2023 ஜூலையில் மணற்கேணி செயலி நம் மாவட்டத்துத் தாம்பரத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. பாடங்களைச் சிறு சிறு காணொலிகளாக்கித் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகத் தருகிறது அது. ட்யூஷனுக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு இவை எவ்வளவு பெரிய துணை என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனாலும் கொரோனா காலம் நமக்கு ஒன்றைக் கற்பித்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. அந்தக் காலம் முழுவதும் பாடங்கள் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் எத்தனையோ வீடுகளில் இருந்தது ஒரே போன். அப்பா கடலுக்கோ கட்டட வேலைக்கோ கிளம்பினால் அதுவும் கூடவே கிளம்பிவிடும். பாடத்தைப் பார்த்த பிள்ளைக்கும் சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தது. 2021 அக்டோபர் 27 அன்று, நம் கடற்கரைக்குத் தெற்கே மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில் அது தொடங்கியது. தன்னார்வலர்கள் இணையத்தில் பதிவு செய்துகொண்டு, மாலை வேளையில் தங்கள் தெருப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்துப் பாடம் சொன்னார்கள். கற்பிக்க முன்வந்தவர்களைத் திரட்டித் தந்தது இணையம். பிள்ளையின் நோட்டைப் புரட்டிப் பார்த்தது பக்கத்து வீட்டு அக்கா.

இதற்கும் அடுத்த படி ஒன்று உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். மேலே சொன்ன எல்லாவற்றிலும் பிள்ளை வாங்கிக்கொள்ளும் இடத்திலேயே இருக்கிறது. அது இணையத்துக்குத் தானும் ஒன்றைக் கொடுக்க வேண்டும். கொடுத்ததை விஷயம் தெரிந்த ஒருவர் படித்துப் பார்த்து மறுமொழி சொல்ல வேண்டும். அங்கேதான் படிப்பு சூடுபிடிக்கும்.

இதைப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு செய்துகாட்டியிருக்கிறது. தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015-இல் தொடங்கியது இது. பொங்கலை ஒட்டிய நாள்களில் வீட்டு மொட்டைமாடியிலோ வயல் வரப்பிலோ ஏரிக்கரையிலோ குறைந்தது 15 நிமிடம் நிற்க வேண்டும். கண்ணில் பட்ட பறவை, காதில் விழுந்த குரல் எல்லாவற்றையும் வகைவாரியாக எண்ணிக் குறிக்க வேண்டும். பிறகு அந்தப் பட்டியலை ‘ஈபேர்ட்’ என்ற இணையத் தளத்தில் ஏற்ற வேண்டும். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் அமைப்பும் 2002-இல் உருவாக்கிய தளம் அது. இன்று உலகெங்கும் பறவை பார்ப்பவர்கள் தங்கள் குறிப்புகளைச் சேர்த்து வைக்கும் பொதுக் களஞ்சியம். அரிய பறவைதான் வேண்டும் என்பதில்லை. காகம் 12, மைனா 6, தவிட்டுக்குருவி 7, கரிச்சான் 2 என்று எழுதினாலும் அது முழுமையான பட்டியல்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பட்டியல் போன பிறகு நடப்பது. ஒரு மாணவி வைகாசி மாதத்தில் ஊர் ஏரியில் ஊசிவால் வாத்து பார்த்ததாகப் பதிகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஊசிவால் வாத்து குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்து திரும்பிவிடும் பறவை. ஆகவே அந்தப் பதிவு தனியே குறிக்கப்படும். பறவைகளை நன்கு அறிந்த தன்னார்வலர் ஒருவர் அதைப் பார்த்து அவளுக்கு எழுதுவார். ‘தப்பு’ என்று அடித்துவிட மாட்டார், கேள்விதான் கேட்பார். வால் கூர்மையாக நீண்டிருந்ததா? அலகின் நுனி மஞ்சளாக இருந்ததா? படம் எடுத்தாயா? நுனி மஞ்சள் என்றால் அது ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கும் புள்ளிமூக்கு வாத்தாக இருக்கலாம். அடுத்த தடவை ஏரிக்குப் போகும்போது அவள் வாத்தின் அலகைத்தான் முதலில் பார்ப்பாள். கூர்ந்து பார்ப்பது, ஆதாரத்தோடு சொல்வது, தேவைப்பட்டால் திருத்திக்கொள்வது என்று விஞ்ஞானத்தின் அடிப்படைப் பாடங்கள் மூன்றும் அந்த ஒரு கடிதத்தில் வந்துவிடுகின்றன.

அவள் எண்ணிக்கை வீணாவதும் இல்லை. 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் இப்படிச் சேர்த்த சுமார் 3 கோடி குறிப்புகளைக் கொண்டு எழுதப்பட்டது. 942 வகைப் பறவைகளை அது ஆராய்ந்தது. நம் பனைமரங்களிலும் மின்கம்பிகளிலும் உட்கார்ந்திருக்கும் பனங்காடை நாடெங்கும் குறைந்துவருகிறது என்று தெரிந்ததும் அதனால்தான். அடுத்த அறிக்கைக்கு மதுராந்தகத்து மாணவர் ஒருவரின் 15 நிமிடமும் சேரலாம்.

பறவை ஒரு தொடக்கம்தான். கோவளம் முதல் கல்பாக்கம் வரை நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுகளைப் பேர் சொல்லித் தெரியும். 2004 சுனாமி இந்தக் கரையைப் புரட்டிப்போட்ட பின், ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் மையத்தில் 2007-இல் எச்சரிக்கை நிலையம் அமைந்தது. அலை உயரம் பற்றிய அந்த மையத்தின் முன்னறிவிப்பை இன்று போனிலேயே பார்க்கலாம். அந்த எண்ணையும், அன்று கரைதிரும்பிய தாத்தா சொல்வதையும் ஒரு நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் ஒரு மாதம் எழுதிவந்தால், கொக்கிலமேட்டிலோ தேவனேரியிலோ ஒரு எட்டாம் வகுப்புக்கு அதைவிட நல்ல அறிவியல் செயல்திட்டம் எது?

நம் இருளர் குடும்பங்களையும் நினைத்துப் பாருங்கள். 1978-இல் தொடங்கிய அவர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் விஷமுறிவு மருந்துக்கு நஞ்சு எடுத்துத் தருகிறது. இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் மலைப்பாம்பு பிடித்துக்காட்ட அமெரிக்காவின் புளோரிடா வரை போனார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அந்த அறிவு புழங்கும் வீடுகளில் பிறந்த பிள்ளைகள் இணையத்துக்கு வெறும் கையோடு வருகிறவர்கள் இல்லை. பள்ளி அவர்களிடம் கேட்க வேண்டும், எழுதவைக்க வேண்டும்.

இணையத்தில் வாங்குவதோடு கொடுக்கவும் செய்கிற பழக்கம் தமிழர்களுக்குப் புதிதும் அல்ல. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் இருந்த தமிழர்கள் ஓய்வு நேரத்தில் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் பழைய நூல்களை எல்லோருக்கும் இலவசமாக்கினார்கள். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா வளர்வதும் அப்படித்தான். உங்கள் ஊர்க் கோயிலையோ ஏரியையோ பற்றி ஆதாரத்தோடு ஒரு பத்தி எழுத ஒரு பதினோராம் வகுப்பு மாணவரால் முடியாதா?

ஆகவே இந்தப் பொங்கலுக்கு உங்களிடம் ஒரு வேண்டுகோள். விடுமுறையில் ஒரு காலைப்பொழுது, உங்கள் வீட்டுப் பிள்ளையோடோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோடோ 15 நிமிடம் வெளியே நில்லுங்கள். காகிதமும் பென்சிலும் பிள்ளையிடம் இருக்கட்டும். போன் உங்களிடம் இருந்தால் போதும். பேர் தெரியாத பறவையின் நிறத்தையும் அலகையும் அவர்களே படம் வரையட்டும். ஈபேர்ட் கணக்கு பெற்றோர் பெயரிலோ ஆசிரியர் பெயரிலோ இருக்கட்டும். பிள்ளையின் புகைப்படமோ வீட்டு முகவரியோ பொதுவெளியில் போக வேண்டாம். பட்டியலை ஏற்றும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஏற்றுங்கள். மறுமொழி வந்தால் அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள், பதிலையும் அவர்களே சொல்ல நீங்கள் தட்டச்சு செய்யுங்கள்.

பட்டியலின் ஒரு படியை எங்களுக்கும் தபாலில் அனுப்புங்கள். பள்ளியாகச் சேர்ந்து அனுப்பினால் இன்னும் மகிழ்ச்சி. மாசி இதழில் 4 பக்கங்களை அவற்றுக்காக ஒதுக்கியிருக்கிறோம். காகமும் மைனாவும் மட்டுமே உள்ள பட்டியலையும் அச்சிடுவோம்.

பொங்கல் வாழ்த்துகளுடன்,
ஆசிரியர்