தெரிவுகளைக் களைதல் துரோகமா?

லினக்ஸ் இயங்குதளத்தின் கருவாக அமைந்த கேர்னலிலிருந்து பழைய வன்பொருள்களுக்குரிய தெரிவுகள் நீக்கப்படும்போது ஒரு முறைப்பாடு தவறாது எழுகின்றது. 'வேண்டாதவர் தெரிவு செய்யாது விடலாமே. அது அங்கே இருப்பதனால் யாருக்கு என்ன நட்டம்?' என்பதே அம்முறைப்பாட்டின் சாரம். கேட்போரை இலகுவிற் கவரும் வாதம் இது. ஆயினும் கேர்னல் எவ்வாறு தொகுக்கப்படுகின்றது என்பதைச் சற்றேனும் நோக்கியவர் இதனை ஏற்கமாட்டார்.

கேர்னலைத் தொகுப்பதற்கு முன்னர், எவை சேர்க்கப்படல் வேண்டும், எவை விடப்படல் வேண்டும் என்பது அதன் அமைவுக் கோப்பிற் குறிக்கப்படுகின்றது. இத்தகைய தெரிவுகள் பதினையாயிரத்துக்கும் மேற்பட்டவை. ஒன்றையொன்று சாராத பத்துத் தெரிவுகள் ஆம், இல்லை என்னும் இரு விடைகளை மட்டும் ஏற்பினும் 1,024 வெவ்வேறு கேர்னல்கள் பிறக்கும். இருபதாயின் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டும். இவை யாவற்றையும் பரிசோதித்தல் எவராலும் இயலாது. எனவே ஒருவரும் எடுக்காத தெரிவு என்பது ஒருவரும் பரிசோதிக்காத நிரலாகும். அவ்வாறிருந்தும், கேர்னலின் உட்பகுதியில் ஒன்று மாறும்போது அந்நிரலும் கூடவே திருத்தப்பட வேண்டியுள்ளது. திருத்துபவரிடம் அந்தப் பொறி இல்லை. பிழையின்றித் தொகுபட்டாற் போதுமெனக் கொண்டு அவர் அப்பாற் செல்கின்றார். அது இயங்குகின்றதா என்பதை அறிவார் எவருமிலர்.

இதற்கு 386 முறைவழியாக்கியின் வரலாறு தக்க சான்று. இன்டெல் நிறுவனம் 1985இல் அறிமுகஞ் செய்து, 2007இல் உற்பத்தியை நிறுத்திய இம்முறைவழியாக்கிக்காகவே 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் கேர்னலை எழுதத் தொடங்கினார். லினக்ஸ் பிறந்த வீடென்றே இதனைச் சொல்லலாம். ஆனால் அவ்வீட்டின் சுவரில் ஒரு விரிசல் இருந்தது. கேர்னலுக்குரிய மேனிலையில் இயங்கும்போது, எழுதத் தடைசெய்யப்பட்ட நினைவகப் பக்கங்களின் தடையை 386 மதிப்பதில்லை. 486 முதலாகவே இக்குறை நீங்கியது. இதனால் பயனருக்குரிய நினைவகத்தில் எழுதும்போதெல்லாம் அப்பக்கத்தை முற்கூட்டியே சோதிக்கும் தனிநிரல் வேண்டியதாயிற்று. ஒப்பிட்டு மாற்றும் அறிவுறுத்தலும் அதில் இல்லை. பல முறைவழியாக்கிகள் ஒரே தரவைத் தொடும் இக்கால நிரலாக்கத்துக்கு அதுவோ அடித்தளம். இல்லாததை இருப்பதுபோலப் பாவனை செய்யும் சுமை, புதிய பொறிகளுக்கு எழுதுவோர் தலையில் விழுந்தது. 2012 டிசெம்பரில் 386 களையப்பட்டது. 2013 பெப்ரவரியில் 3.8 பதிப்பு அதுவின்றியே வெளிவந்தது.

ஏழை நாடுகளிற் பழைய கணனிகளே உள்ளன, அவற்றுக்கு வாயிலை அடைத்தல் அநீதி என்பர் சிலர். வறுமையைத் துணைக்கழைக்கும் இவ்வாதம் வறியவர்க்கு எவ்வகையிலும் உதவாது. 386 கணனிகளின் நினைவகம் பெரும்பாலும் ஒருசில மெகாபைற்றுக்களே. இன்றைய பொதுவான கேர்னலுக்கு அங்கே இடம் போதாது. அவற்றுக்கு உகந்தவை அவை வாழ்ந்த காலத்துப் பதிப்புக்கள். அப்பதிப்புக்களை எவரும் அழிக்கவில்லை. விரும்பியவர் இன்றும் பெற்றுக்கொள்ளலாம்.

எனின், பழையன என்பதற்காகவே யாவும் களையப்படல் வேண்டுமா? அவ்வாறு கூறுவோரும் பிழையே உரைக்கின்றனர். மோட்டரோலா 68000 முறைவழியாக்கி 1979இல் தோன்றியது. அவ்வரிசையைச் சேர்ந்த அமிகா, அற்றாரி, மக்கின்டொஷ் கணனிகளுக்குரிய ஆதரவு கேர்னலில் நிலைத்துள்ளது. 2001இல் பெரும் ஆரவாரத்துடன் சந்தைக்கு வந்த இற்றேனியமோ, 2024 சனவரியில் வெளியான 6.7 பதிப்பில் இல்லை. முன்னதற்குப் பேணுநர் உளர். பின்னதற்கு இல்லாமற் போயினர். 2018இல் 4.17 பதிப்பிலிருந்து எட்டுக் கட்டமைப்புக்களும் அவற்றோடு ஏறக்குறைய ஐந்து இலட்சம் வரிகளும் ஒருசேர வெளியேற்றப்பட்டபோதும் நியாயம் இதுவே. அவற்றுட் டைல் போன்றவை 386இலும் பல்லாண்டு இளையவை.

இற்றேனியத்தின் நீக்கத்தை விரும்பாதோர்க்கு டோர்வால்ட்ஸ் ஒரு வழியைத் திறந்தே வைத்தார்: தனிக் கிளையாக ஓராண்டு பேணிக் காட்டினால், மீளச் சேர்ப்பது பற்றிப் பேசலாம். ஆர்வலர் சிலர் அவ்வேலையிற் கைவைக்கவும் செய்தனர். முறையிடும் உரிமை அத்தகையோர்க்கு உண்டு. 486ஐ நீக்கும் முன்மொழிவு 2025இல் வந்தபோது வருந்தியவர்கள், அதற்கு முன்னரே ஒரு 486 கணனியிற் புதிய கேர்னலை ஏற்றி, கண்ட வழுக்களை எழுதி அனுப்பியிருத்தல் வேண்டும்.